கனவு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு பாட்டு சொல்லலாமா?

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கொரியாவின் பிடிஎஸ் குழு பாடிய ‘பாரடைஸ்’ என்ற பாட்டை நாள்தோறும் கேட்கிறாள். அதன் பொருளை எனக்கும் சொல்லிக் காட்டினாள். ‘நின்றுவிட்டாலும் பரவாயில்லை, கனவு இல்லாவிட்டாலும் பரவாயில்லை’ என்று பல்லவியில் வருகிறதாம். பொதுத்தேர்வு எழுதப் போகிற பிள்ளைக்கு இது சோம்பலைக் கற்றுத்தருகிற பாட்டு இல்லையா?
— ஒரு தாய், திருச்சி

பதில்: உங்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. பல்லவியை மட்டும் தனியே பிரித்துப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால், அந்தப் பல்லவி எதற்கு மறுமொழியாக வருகிறது என்பதைப் பார்த்த பிறகுதான் நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பாடல் மாரத்தான் ஓட்டத்தில் தொடங்குகிறது. வாழ்க்கை நீளமானது, நிதானமாக ஓடு, 42.195 கிலோமீட்டரையும் கடந்துவிட்டால் கனவுச் சொர்க்கம் காத்திருக்கிறது என்று பெரியவர்கள் சொல்லித்தந்த பாடம் முதலில் ஒப்பிக்கப்படுகிறது. அடுத்த வரியிலேயே, மெய்யான உலகம் அந்த வாக்குறுதிப்படி நடப்பதில்லை என்று பேச்சு திரும்புகிறது. துப்பாக்கி வெடித்தவுடன் ஓடியாக வேண்டும். ஆனால் போய்ச் சேர ஓர் இடமும் இல்லை, வழியில் பார்க்க ஒரு காட்சியும் இல்லை. அப்படி ஓடி மூச்சு முட்டுகிறவரிடம்தான் ‘நின்றுவிட்டாலும் பரவாயில்லை’ என்கிறது பாட்டு. காரணமே தெரியாமல் ஓட வேண்டியதில்லை என்பதையும் அதே மூச்சில் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

இதைச் சொல்வது யார் என்பதும் கவனிக்க வேண்டிய ஒன்று. 2013 ஜூனில் ‘நோ மோர் டிரீம்’ என்ற பாடலோடு அறிமுகமானபோது, உன் கனவு என்ன என்று பதின்வயதினரின் சட்டையைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டவர்கள் இவர்கள். அரசு ஊழியராவதுதான் உன் எதிர்கால ஆசையா என்று கேலியும் செய்தார்கள். பிறர் திணித்த கனவை ஏற்காதே என்ற கருத்து அந்தப் பாட்டிலும் உண்டு என்றாலும், சொந்தமாக ஒரு கனவு கட்டாயம் வேண்டும் என்பதில் அப்போது அவர்களுக்கு ஐயமே இருக்கவில்லை. 2015இல் வந்த ‘டோப்’ பாடலிலோ, நீங்கள் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் இரவெல்லாம் விழித்து வேலை பார்த்தோம் என்று மார்தட்டினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 2018 மே மாதம் 18ஆம் தேதி வெளியான ‘லவ் யுவர்செல்ஃப்: டியர்’ (Tear, கண்ணீர்) என்ற ஆல்பத்தில் ‘பாரடைஸ்’ இடம்பெறுகிறது. கனவில்லாத பிள்ளையைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்டவர்கள், இந்தப் பாட்டில் அவனை இறக்கிவிட்டு, கனவு காணச் சொல்லி விரட்டியவர்களை அதே கூண்டில் ஏற்றுகிறார்கள். கனவு காணும் முறையை ஒருநாளும் கற்றுத்தராத உலகத்துக்கு என்னைத் திட்டுவதற்கு என்ன தகுதி என்று ஓரிடத்தில் கேட்கிறார்கள். நாம் கனவைக்கூடப் பிறரிடமிருந்து கடனாகத்தான் வாங்குகிறோம் என்று இன்னோர் இடத்தில் சொல்கிறார்கள்.

இந்தக் கோபம் எங்கே விளைந்தது என்பது பொதுத்தேர்வு நடக்கிற வீட்டுக்கு எளிதில் விளங்கும். கொரியாவில் ஒவ்வொரு நவம்பரிலும் நடக்கும் சுனுங் என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின்போது, ஆங்கிலக் கேட்டல் பகுதி முடியும்வரை விமானங்கள் கிளம்பவோ தரையிறங்கவோ அனுமதிக்கப்படுவதில்லை. மாணவர்கள் நெரிசலில் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக அலுவலகங்களைத் தாமதமாகத் திறக்கிறார்கள். ஹாக்வோன் எனப்படும் தனிப்பயிற்சி நிலையங்கள் இரவு 10 மணிக்கு மேல் வகுப்பு நடத்தக் கூடாது என்று சியோல் நகரம் விதி போட வேண்டியிருந்தது என்றால், விதி இல்லாத காலத்தில் பிள்ளைகள் எத்தனை மணிக்கு வீடு திரும்பியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். படிப்பை முடித்து வேலைக்குப் போனால் அங்கேயும் அதே கதைதான். நடைமுறையில் வாரத்துக்கு 68 மணி நேரம்வரை நீண்டிருந்த வேலை நேரத்தை 52 மணி நேரமாகக் குறைக்கும் சட்டத் திருத்தத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் 2018 பிப்ரவரி இறுதியில் நிறைவேற்றியது. 300 பேருக்குக் குறையாமல் பணியாற்றும் நிறுவனங்களில் அது ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில்தான் ‘பாரடைஸ்’ வெளியானது. நாடே வேலை நேரத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்த பருவத்தின் பாட்டு அது.

பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் பல்லவி அன்று. நடுவில் வருகிற ராப் பகுதியே. கனவின் பெயர் வேறாக இருந்தாலும் பரவாயில்லை என்று தொடங்கி, அடுத்த மாதம் லேப்டாப் வாங்குவது, வெறுமனே சாப்பிட்டுத் தூங்குவது, ஒன்றும் செய்யாமலே நிறையப் பணம் வைத்திருப்பது என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். மூன்றாவது வெறும் விளையாட்டுப் பேச்சு. முதலாவதை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். விலை தெரிந்த, மாதம் குறித்த, பக்கத்துக் கடையில் கிடைக்கிற ஒரு பொருள் இங்கே கனவு என்ற பெரிய நாற்காலியில் உட்கார வைக்கப்படுகிறது. கைக்கு எட்டுகிற சின்ன மகிழ்ச்சியே போதும் என்ற பேச்சு 2018இல் கொரிய இளைஞர்களிடையே பரவலாக இருந்தது. வீடு வாங்குவதும் திருமணம் செய்வதும் கைக்கு எட்டாமல் போனவர்களின் பேச்சு அது என்பதை மறந்துவிடக் கூடாது. எதிர்காலம் மட்டுமே கனவு என்றால் நேற்றிரவு படுக்கையில் நான் கண்டதற்கு என்ன பெயர் என்ற கேள்வியும் இந்தப் பகுதியில்தான் வருகிறது.

இதற்கு அப்பால் பாட்டின் குரல் தாழ்கிறது. கனவு காண்பதே சில நேரம் அச்சமாக இருக்கிறது, இப்படியே வாழ்ந்து தப்பிப் பிழைப்பதுதான் என்னுடைய சின்னக் கனவு என்கிறார்கள். சோம்பேறி இப்படிப் பேசமாட்டான்; ஓய்வெடுக்க அவனுக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படாது. நிற்பதற்குக்கூட ஒருவர் ‘பரவாயில்லை’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், கேட்பவர் இன்னமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார் என்று பொருள். மேலும், ஆறுதல் பாடல்கள் பெரும்பாலும் ‘இன்று ஓய்வெடு, நாளை இன்னும் வேகமாக ஓடலாம்’ என்ற கணக்கில் முடியும். அப்படிப்பட்ட ஓய்வு ஓட்டத்தின் ஒரு பகுதியே. ‘பாரடைஸ்’ அந்தக் கணக்குக்குள் போகவில்லை. நீ வெளிவிடுகிற ஒவ்வொரு மூச்சும் ஏற்கெனவே சொர்க்கத்தில்தான் இருக்கிறது என்று பல்லவி முடிகிறது. ஓட்டத்தின் தொடக்கத்தில் முட்டிக்கொண்டு நின்ற அதே மூச்சுதான் இது. 42 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதாகச் சொல்லப்பட்ட இடம், நின்ற இடத்துக்கே வந்துவிடுகிறது.

மகளிடம் பாட்டின் பொருளைப் பற்றித் தர்க்கம் செய்யாதீர்கள். எந்த வரியை அவள் திரும்பத் திரும்பக் கேட்கிறாள் என்று இயல்பாக விசாரியுங்கள். பல்லவி என்றால் கவலைப்பட அதிகம் இல்லை. ‘தப்பிப் பிழைப்பதே என் கனவு’ என்ற பகுதி என்றால், அன்றைக்கு மதிப்பெண் பேச்சை எடுக்காமல் அவள் சரியாகத் தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா என்று பாருங்கள்.

கேள்வி: உலகம் சுற்றிவரும் கோடீஸ்வரப் பாடகர்கள் ‘நின்றாலும் பரவாயில்லை’ என்று பாடுவது எளிது. நான் நின்றால் வீட்டுக்கடன் தவணை நின்றுவிடும். இவர்களுடைய ஆறுதலை நான் ஏன் பொருட்படுத்த வேண்டும்?
— ஐ.டி. ஊழியர், சென்னை

பதில்: உங்கள் கேள்வியில் பாதியை நான் அப்படியே ஏற்கிறேன். நின்றால் செலவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை ‘பாரடைஸ்’ தொடவே இல்லை. அது பாட்டின் பலவீனமான இடம். மறுபாதியை ஏற்க முடியவில்லை, ஏனென்றால் பாடியவர்களுக்கும் நிற்பது எளிதாக இருக்கவில்லை. நிற்கலாம் என்று பாடிய அந்த ஆல்பம்தான் அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் கொரிய ஆல்பமாகி, அவர்களை முன்னைவிட வேகமாக ஓட வைத்தது. அறிமுகமாகி ஆறு ஆண்டுகள் கழித்து, 2019 ஆகஸ்டில்தான் முதன்முறையாக நீண்ட விடுமுறை அறிவிக்கப்பட்டது. 2022 ஜூனில் ஏழு பேரும் உணவு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிய வீடியோவில், கே-பாப் எனப்படும் கொரிய பாப் இசை அமைப்பு ஒரு மனிதன் முதிர்ச்சி அடைவதற்கு நேரமே தருவதில்லை, தொடர்ந்து எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்ற பொருளில் குழுத் தலைவர் ஆர்எம் பேசினார். மறுநாளே ‘ஹைப்’ என்ற அவர்களுடைய நிறுவனத்தின் பங்கு விலை ஏறத்தாழ கால்பங்கு சரிந்தது. இது இடைநிறுத்தம் அன்று, குழுவும் தனி முயற்சிகளும் சேர்ந்தே நடக்கும் என்று நிறுவனம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. களைத்துப்போனோம் என்று வாய்விட்டுச் சொன்னதற்குப் பங்குச்சந்தை இவ்வளவு பதறும் என்றால், அவர்களுடைய ஓய்வும் அவர்கள் கையில் முழுமையாக இல்லை.

இருந்தாலும் உங்கள் நிலை வேறு. தவணைக் கவலைக்குப் பாட்டில் மருந்து கிடையாது. கொரியாவிலும் பாட்டைக் கேட்டு வேலை நேரம் குறையவில்லை, சட்டத்தால் குறைந்தது. அந்தச் சட்டமும் ஐந்து பேருக்குக் குறைவான கடைகளையும் பட்டறைகளையும் வெளியே விட்டுவிட்டது. 2023 மார்ச்சில் வார உச்சவரம்பை 69 மணி நேரம்வரை தளர்த்த அரசு முன்மொழிந்தபோது, இளம் ஊழியர்கள் கடுமையாக எதிர்த்த பிறகே அது மறுபரிசீலனைக்குப் போனது. அப்படி எதிர்க்கத் துணிந்தவர்கள், கனவில்லாவிட்டாலும் பரவாயில்லை என்று கேட்டு வளர்ந்த தலைமுறையினர் என்பதை வேண்டுமானால் பாட்டின் கணக்கில் வரவு வைக்கலாம். நான் கொஞ்சம் தாராளமாகவே வரவு வைக்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: பர்ன்அவுட் என்பது ஒரு நோயா, வெறும் சலிப்பா?
— வாசகர், ஈரோடு

பதில்: இரண்டும் இல்லை. அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974இல் இதைப் பற்றி எழுதியபோது, இலவச மருத்துவமனைகளில் உழைத்துத் தேய்ந்துபோன தொண்டர்களைப் பற்றியே பேசினார். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் இதை நோயாகப் பட்டியலிடாமல், பணியிடம் சார்ந்த ஒரு நிலையாக விளக்கியது: ஆற்றல் வற்றிப்போவது, செய்கிற வேலையின் மீது வெறுப்பும் விலகலும் வருவது, திறமை குறைந்துவிட்டதாக உணர்வது ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது பர்ன்அவுட். ‘போய்ச் சேர இடமும் இல்லை, பார்க்கக் காட்சியும் இல்லை’ என்ற பாட்டு வரி இரண்டாவது அடையாளத்தைக் கச்சிதமாகத் தொட்டுவிடுகிறது. விடுமுறை எடுத்தும் வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் திரும்பவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும், மருத்துவரைப் பாருங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416.

கேள்வி: இதே பொருளில் வேறு கொரியப் பாடல்களைச் சொல்ல முடியுமா?
— கல்லூரி மாணவி, மதுரை

பதில்: லீ ஹை 2016இல் பாடிய ‘ப்ரீத்’ பாடலை முதலில் கேளுங்கள். உன் பெருமூச்சின் ஆழம் எனக்குப் புரியப்போவதில்லை, இருந்தாலும் அணைத்துக்கொள்கிறேன் என்கிற பாட்டு அது. புரிந்துகொண்டதாக நடிக்காத ஆறுதல் என்பதாலேயே எனக்கு அது ‘பாரடைஸ்’ பாட்டைவிட ஒரு படி மேலாகத் தெரிகிறது. அதை எழுதியவர் ஷைனி குழுவின் ஜோங்ஹ்யுன். 2017 டிசம்பரில் 27 வயதில் அவர் மறைந்தார். அடுத்த மாதம் கோல்டன் டிஸ்க் விருது விழாவில் அதே பாட்டைப் பாட வந்த லீ ஹை, அழுகையை அடக்க முடியாமல் நடுவில் திணறினார். அந்த வீடியோவைப் பிறகு பார்க்கலாம். முதலில் பாட்டைத் தனியாகக் கேளுங்கள். பிடிஎஸ் குழுவின் சுகா, அகஸ்ட் டி என்ற பெயரில் 2023 ஏப்ரலில் வெளியிட்ட ‘ஸ்னூஸ்’, தன்னைப் பார்த்துக் கனவு காண்கிற இளையவர்களுக்கு ஓர் அண்ணன் எழுதிய கடிதம்போல இருக்கும். அதில் சேர்ந்து பணியாற்றிய ஜப்பானிய இசையமைப்பாளர் ரியூயிச்சி சகாமோட்டோ பாட்டு வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்புதான் காலமானார். கனமெல்லாம் வேண்டாம், வார இறுதியில் எங்காவது கிளம்பிப் போனால் போதும் என்று இருந்தால், தேயோன் 2021இல் பாடிய ‘வீக்கெண்ட்’ இருக்கிறது. அதற்கு விளக்கவுரை தேவைப்படாது.