புதிரில் தெரிவது ஆட்டத்தில் ஏன் தெரிவதில்லை?

கேள்வி: மகள் தரம் 9. போனில் சதுரங்கப் புதிர்களை மளமளவென்று செய்கிறாள். வலய மட்டப் போட்டியில் மட்டும் வெல்லும் நகர்வு கண்ணில் படுவதில்லை. வீட்டில் கணினி காட்டிய பிறகுதான் தலையில் அடித்துக்கொள்கிறாள். என்ன செய்யலாம்? (ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தாய்)

பதில்: புதிர் என்றாலே உள்ளே ஏதோ இருக்கிறது என்று சொல்லியாயிற்று. ஆட்டத்தில் அதை யார் சொல்வது? எங்கே நின்று தேடுவது என்பதைத்தான் அவள் பழகவேண்டும். காவல் இல்லாமல், அதாவது வெட்டினால் திருப்பி வெட்ட ஆளில்லாமல் நிற்கும் காயே முதல் அடையாளம்.

பலகையில் வைத்துப் பாருங்கள். எழுத்தும் எண்ணும் கட்டத்தின் பெயர்; ஒவ்வொரு சோடியிலும் முதலில் வெள்ளை, அடுத்து கறுப்பு. வெள்ளைச் சிப்பாய் ஈ4, கறுப்புச் சிப்பாய் ஈ5. குதிரை எஃப்3, சிப்பாய் டி6. அமைச்சர் சி4, அமைச்சர் ஜி4. குதிரை சி3, சிப்பாய் ஜி6. எஃப்3 குதிரை நகர்ந்தால் அரசி போய்விடும் என்று பிள்ளைகள் அதைத் தொடவே மாட்டார்கள். ஆனால் ஜி4 அமைச்சருக்குக் காவல் இல்லையே! குதிரையால் ஈ5 சிப்பாயை வெட்டலாம். கறுப்பு அந்தக் குதிரையை வெட்டினால் வெள்ளை அரசி ஜி4 அமைச்சரை வெட்டும். ஒரு சிப்பாய் லாபம். கறுப்பு ஆசைப்பட்டு அரசியை வெட்டினாலோ, வெள்ளை அமைச்சர் எஃப்7இல் வெட்டி செக், அரசன் ஈ7, குதிரை டி5, செக்மேட். 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஆட்டக்காரர் லெகாலின் பெயரில் வழங்கும் பொறி இது.

இதை மனப்பாடம் செய்தால் அடி விழும். கறுப்பு கடைசியில் ஜி6க்குப் பதிலாகக் குதிரையை சி6இல் வைத்திருந்தால், அது ஈ5இல் வெட்டி ஜி4க்கும் காவலாகிவிடும். வெள்ளைக்குக் குதிரை நட்டம். அப்போது முதலில் எச்3 ஆடிப் பார்க்கவேண்டும். அமைச்சர் எச்5க்கு ஒதுங்கினால் ஈ5க்கு வரும் கறுப்புக் குதிரையின் காவல் அங்கே எட்டாது. வெள்ளைக் குதிரை ஈ5இல் வெட்ட, கறுப்புக் குதிரை திருப்பி வெட்ட, அரசி எச்5ஐ வெட்டும். கறுப்புக் குதிரை சி4 அமைச்சரை எடுத்தாலும், அரசி பி5இல் செக் வைத்து அந்தக் குதிரையை எடுத்துவிடும். ஒரு கட்டம்தான் வித்தியாசம். (எச்3க்கு கறுப்பு எஃப்3 குதிரையை வெட்டிவிட்டால் இதெல்லாம் கிடையாது.)

போட்டி முடிந்ததும் கணினியைத் திறக்கவிடாதீர்கள். நகர்வுத் தாளைப் பார்த்து ஆட்டத்தை மீண்டும் ஆடி, இரு பக்கத்திலும் காவலில்லாத காய் வரும் நகர்வுகளை வட்டமிடட்டும். ஆட்டம் நடக்கும்போது தாளில் அப்படிக் குறிப்பது விதிப்படி தவறு. வட்டமிட்ட ஒவ்வொரு இடத்திலும் செக், வெட்டு, மிரட்டல் என்ற வரிசையில் பார்த்து, எதிராளியின் மிகச் சிறந்த பதில்வரை எழுதட்டும். கணினி அதற்குப் பிறகு. புதிர் செய்யும்போதும் தலைப்பு வாரியாக வேண்டாம், கலவையாகவே எடுக்கட்டும்.