9 வயசுப் பொண்ணை பாக்ஸிங் கிளாஸ்ல சேர்க்கலாமா?

கேள்வி: எங்க ஏரியா கிளப்ல சின்னப் பசங்களுக்கு பாக்ஸிங் சொல்லித் தர்றாங்க, என் 9 வயசுப் பொண்ணு போயே தீரணும்னு அடம். தலையில அடிபட்டா என்ன பண்றதுன்னு பயமா இருக்கு.
- ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: தாராளமா சேர்த்து விடுங்கம்மா, வட சென்னையில பாக்ஸிங் தலைமுறை தலைமுறையா ஊறின விளையாட்டுதானே. ஆனா கோச்கிட்ட முதல்லயே ஸ்பாரிங், அதாவது ரெண்டு பேர் எதிரெதிரே நின்னு குத்திக்கிற பயிற்சி, உண்டான்னு கேட்டுடுங்க. ஸ்கிப்பிங், ஃபுட்வொர்க், எதிராளி இல்லாம காத்துல குத்துற ஷேடோ பாக்ஸிங், கோச் கையில பிடிக்கிற மெத்தை மாதிரி பேட்ல குத்துறது, இதெல்லாம் இந்த வயசுக்கு அருமையான பயிற்சி, யாரும் யாரையும் அடிக்கப் போறதில்ல. தலையில குத்து வாங்குறது மட்டும் வேண்டவே வேண்டாம். ஹெட்கார்டு (தலைக்கவசம்) இருக்குல்லன்னு சொல்வாங்க, அது வெட்டுக்காயத்தைக் குறைக்கும், ஆனா உள்ள மூளை குலுங்குறதைத் தடுக்காது. 2011லயே அமெரிக்க, கனடா குழந்தைகள் டாக்டர் சங்கங்கள் சேர்ந்து சின்னப் பசங்களுக்கு பாக்ஸிங் வேண்டாம்னு சொன்னதுக்கு இந்தத் தலையடிதான் முக்கியக் காரணம்.

கையில துணிப்பட்டை சுத்தாம, தொங்கவிட்ட பஞ்சிங் பேக்ல குத்த விடக்கூடாது, மணிக்கட்டு பிசகிடும். வெயிட் குறைக்கச் சொல்லி பட்டினி போடுற கிளப்னா அன்னைக்கே கூட்டிட்டு வந்துடுங்க. எப்பவாவது தலையில அடிபட்டு வாந்தி, தலைவலி, மயக்கம்னா உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க, டாக்டர் சொல்ற வரைக்கும் கிளாஸுக்கு அனுப்பாதீங்க.