களையும் மழையும்

மதிப்பிற்குரிய ஐயா,

ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றைச் சேர்ந்த நான், பேராதனை விவசாய பீடத்திற்குத் தெரிவாகியிருக்கிறேன். களையியலும் விவசாய வானிலையும் படிக்க விருப்பம். "நான் களையெடுக்கும் சுரண்டியோடு நின்றது போதாதா, நீயும் புல்லுக்குள் நிற்கவா?" என்கிறார் அம்மா. மருந்தடித்தால் தீரும் களையில் ஆராய என்ன இருக்கிறது?

ஒரு மாணவி

அன்புள்ள மகளுக்கு,

மாணவனாக இருந்தபோது என் முதல் பரிசோதனையில், காலையில் கிளைபோசேட் என்ற களைகொல்லியைத் தெளித்துவிட்டு வந்தேன். இலை அதை உறிஞ்சி முடிப்பதற்குள் மழை கொட்டிவிட்டது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், தெளித்த பாத்தியும் தெளிக்காத பாத்தியும் ஒரே பச்சை. நான் மருந்தைக் குறை சொன்னேன். ஆசிரியரோ என் குறிப்பேட்டைப் புரட்டி, மழைக்கான பத்தி எங்கே என்று மட்டும் கேட்டார். அப்படியொரு பத்தியே அதில் இல்லை.

2015இல் இலங்கையில் அந்த மருந்து தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் மருந்து வேண்டுமா வேண்டாமா என்றே வாதிட்டோம். எந்தக் களையை, எந்த மாதத்தில், எவ்வளவு விட்டுவைப்பது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது என்பது என் எண்ணம். இலுக்குப் புல்லின் கிழங்குத்துண்டு ஒன்று மண்ணில் தங்கினாலும் மறுபடி முளைக்கும். அதைத் தோண்டித்தான் எடுக்கவேண்டும். தாழ்ந்து படரும் புளியாரை அப்படியல்ல, சரிவில் அது மண்ணுக்குப் போர்வை. இரண்டையும் ஒன்றாகச் சுரண்டி வெறுமையாக்கிய மலையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தாலே, ஒரு ஹெக்டேயருக்கு 10,000 லீற்றர் நீர் விழுகிறது. மேல்மண் வடிகாலான கானில் போய்ச் சேர, தேயிலைத் தூரின் வேர் வெளியே தெரியும்.

களையெடுப்பதற்கு மலையகம் முழுவதற்கும் ஒரே நாட்காட்டி போட முடியாது. மே மாதத்திலிருந்து தென்மேல் பருவமழை உங்கள் பக்கத்தை நனைக்கும்போது, மலைக்கு அப்பால் ஊவாவில் வறண்ட காற்று வீசும். ஹட்டனில் களையெடுக்க அஞ்சவேண்டிய மாதம் ஊவாவின் பதுளையில் வேறு மாதிரி.

பெருமழை ஓய்ந்த மறுநாள், சுரண்டிய மலையின் கானையும் சுரண்டாத மலையின் கானையும் போய்ப் பாருங்கள். அம்மாவையும் கூட்டிச்செல்லுங்கள், எந்த மலையில் எப்போது களையெடுத்தார்கள் என்பது அவருக்குத்தான் நினைவிருக்கும்.