எடை குறைந்தும் கால் மூழ்குகிறதே!

கேள்வி: எனக்கு வயது 44. கல்லூரி நாட்களில் மாவட்டப் போட்டிகளில் நீந்தியவள். குழந்தைகள், வங்கி வேலை என்று ஆன பிறகும் நீச்சலை விடவில்லை. எடை 108 கிலோ ஆனதும், ஐந்து மாதத்துக்கு முன் இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். இப்போது 80. டாக்டர் நீந்தலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் பூலில் இறங்கினால் கால் கீழே போகிறது, இரண்டு லேப்பிலேயே மூச்சு வாங்குகிறது, உடம்பு வெடவெடக்கிறது. குண்டாக இருந்தபோது நன்றாகத்தானே நீந்தினேன்? இது என்ன கொடுமை மேடம்?
- வாசகி, திருச்சி

பதில்: கொடுமையெல்லாம் இல்லை, பள்ளிக்கூடத்தில் படித்த அடர்த்திக் கணக்குதான். ஒரு லிட்டர் கொழுப்பின் எடை சுமார் 900 கிராம். அதனால் அது மிதக்கும். தசை தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம். இடுப்பிலும் தொடையிலும் இருந்த கொழுப்பு இத்தனை வருடம் உங்கள் கால்களைச் சம்பளம் வாங்காமல் தூக்கிப் பிடித்திருக்கிறது. அது போனதும் நுரையீரல் இருக்கிற மார்புப் பக்கம் மட்டும் மிதக்கிறது, கால் இறங்குகிறது. வேகமாக எடை குறையும்போது தசையும் கொஞ்சம் கரையும் என்பதால் உதையில் பழைய பலமும் இருக்காது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் தலை. நெற்றியில் தண்ணீர் படுகிற மாதிரி தலையை வைத்து முன்னால் பார் என்றுதான் அந்தக் காலத்துக் கோச்சுகள் பலர் சொல்லிக்கொடுத்தார்கள். நீங்களும் அப்படித்தான் பழகியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதை விட்டுவிட்டு, பூல் தரையில் ஓடும் கறுப்புக் கோட்டை நேர் கீழாகப் பாருங்கள். தலை தாழ்ந்தால் இடுப்பு மேலே வரும். கையில் பிடித்துக்கொண்டு உதைக்கும் மிதவைப் பலகையான கிக்போர்டு இப்போதைக்கு வேண்டாம். அதைப் பிடித்தால் தலை நிமிரும், கால் இன்னும் இறங்கும். மல்லாந்து படுத்து, முட்டி தண்ணீருக்கு வெளியே வராமல் உதையுங்கள். தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொள்ளும் மிதவையான புல் பாய் வைத்து நீந்தினால் சுகமாக இருக்கும், ஆனால் அதிலேயே எல்லா லேப்பும் போனால் வயிற்றுத் தசை வேலையே செய்யாது. 25 மீட்டர் போனதும் நின்று, மூச்சு சமனான பிறகு திரும்புங்கள். மாவட்டப் போட்டிக்காரிக்கு இது கௌரவக் குறைச்சலாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

மூச்சு வாங்குவதை நீச்சல் விஷயமாக மட்டும் பார்க்காதீர்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு இரும்புச்சத்தும் பி12-ம் குறைவது சகஜம். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு இன்னும் சீக்கிரம் குறையும். ‘ஸ்டாமினா போச்சு’ என்று வருகிறவர்களை நான் முதலில் ரத்தப் பரிசோதனைக்குத்தான் அனுப்புவேன். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்த இரும்பின் அளவு), பி12 மூன்றும் பாருங்கள். டாக்டர் எழுதிய விட்டமின் மாத்திரைகளை நிறுத்தியிருந்தால் இன்றைக்கே மறுபடி ஆரம்பியுங்கள். புரதம் எவ்வளவு என்பதை டயட்டீஷியனிடம் கேளுங்கள். பொதுவாக ஒரு நாளைக்கு 60 கிராமாவது சொல்வார்கள். இட்லி சாம்பாரில் மட்டும் அது தேறாது.

நடுக்கத்துக்கு ஒன்றே வழி, விடிகாலை பேட்சை விட்டுவிட்டு மாலை பேட்சுக்கு மாறுங்கள். உடம்பின் கம்பளி போய்விட்டது, சாப்பாடும் குறைவு. குளிரத்தான் செய்யும்.

தண்ணீர் பாட்டிலை லேன் முனையில் வைத்து, நிற்கும்போதெல்லாம் ஒரு வாய் மட்டும் குடியுங்கள். மடக்மடக்கென்று குடிக்கிற வயிறு இனி இல்லை. குளுக்கோஸ் பானங்கள் வேண்டாம். என்னிடம் நீந்துகிற ஒருவர், எடை குறைக்க வயிற்றில் பைபாஸ் வகை ஆபரேஷன் ஆனவர், நண்பர் கொடுத்த குளுக்கோஸ் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் படபடப்பும் வியர்வையுமாகப் பூல் ஓரத்தில் படுத்துவிட்டார். ஸ்லீவ் ஆனவர்களுக்கும் இது வரலாம். ஃப்ளிப் டர்னும் இப்போது வேண்டாம். ஸ்லீவுக்குப் பிறகு நெஞ்செரிச்சல் பலருக்கு உண்டு. குட்டிக்கரணம் போட்டால் புளிப்பு தொண்டைக்கே வரும். சுவரைக் கையால் தொட்டுத் திரும்புங்கள். தோள் வலித்தால் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், வயிற்றில் புண் வரும். டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

பழைய ஸ்விம்சூட்டையே போடுகிறீர்களா? சுவரை உதைத்துக் கிளம்பும்போது கழுத்து வழியாகத் தண்ணீர் புகுந்து வயிற்றில் பை கட்டி நிற்கும். அதை இழுத்துக்கொண்டு யாராலும் நீந்த முடியாது. இறுக்கமாக ஒன்று வாங்குங்கள், விலை குறைவாகவே. எடை இன்னும் பல மாதம் இறங்கும், அதுவும் தொளதொளத்துவிடும். முட்டி வரை, முழங்கை வரை மூடுகிற மாடல் என்றால் தொங்கும் தோல் உரசிப் புண்ணாகாது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: இந்தச் சமயத்தில் முடி கொட்டினால் குளோரின் மேல் பழி போட்டு நீச்சலை நிறுத்திவிடாதீர்கள். ஆபரேஷனுக்குப் பின் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொட்டத் தொடங்குவது வழக்கம். பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும்.

அப்புறம், பிரஷர், சுகர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், 108 கிலோவுக்கு எழுதிய அளவையே இன்னும் விழுங்குகிறீர்களா என்று பாருங்கள். அளவு கூடுதலாக இருந்தால் பூலிலிருந்து ஏறும்போது தலை சுற்றும். டாக்டரைப் பார்க்கும்வரை கம்பியைப் பிடித்து ஏறி, மேல் படியிலேயே சற்று உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள்.