நான்கே நாளில் காயும் மைப்பேனா: மூடியைப் பாருங்கள்

கேள்வி: விலை குறைந்த மைப்பேனாக்களாக ஏழெட்டு சேர்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் மை நிரப்பி வைக்கிறேன். நான்கு நாள் கழித்து எடுத்தால் பாதி எழுதுவதில்லை. நிப்பை மாற்றுவதா, பேனாவையே மாற்றுவதா?

இரண்டும் வேண்டாம். நிரப்பிய அன்று நன்றாக எழுதி, சும்மா கிடந்தபின் மக்கர் செய்கிறது என்றால், பெரும்பாலும் மூடியில்தான் கோளாறு. மூடியைக் கழுவித் துடைத்து, திறந்த பக்கத்தை உதட்டில் வைத்து ஊதிப் பாருங்கள். கிளிப் சேரும் இடத்திலோ உச்சியிலோ காற்று கசிந்தால், மையில் உள்ள நீர் ஆவியாகிப் போவதும் அந்த வழியாகத்தான். உள்பக்கமாக ஒரு சொட்டு மெழுகு விட்டால் போதும். ஆனால் சில மூடிகளில், குழந்தைகள் விழுங்கினால் மூச்சடைக்கக் கூடாதென்றே ஓட்டை வைத்திருப்பார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அதை அடைக்காதீர்கள்.

விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிளாட்டினம் என்ற நிறுவனத்தின் ‘பிரெப்பி’ மலிவான பேனாதான். உள்ளே ஸ்பிரிங் வைத்த இன்னொரு மூடி நிப்பை இறுக மூடிக்கொள்வதால், மாதக்கணக்கில் கிடந்தாலும் எடுத்தவுடன் எழுதும்.

அன்று நிரப்பிய பேனாவே முதல் கோட்டில் தடுமாறுகிறதா? அது வேறு கதை. தயாரிப்பின்போது ஒட்டிய எண்ணெய் மிச்சமிருக்கலாம். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு அலசி, பிறகு வெறும் தண்ணீரில் அலசுங்கள். சுடுநீரும் ஸ்பிரிட்டும் பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும். அப்படியும் சரியாகாவிட்டால் நிப்பை வெளிச்சத்தில் பிடித்து லென்ஸால் பாருங்கள். நடுப்பிளவு நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போக வேண்டும். முன்னதாகவே இரு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தால் மை இறங்காது.

படம் வரையும் இந்தியன் இங்க் மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள அரக்கு உள்ளே இறுகிவிட்டால் பேனா அவ்வளவுதான். மினுமினுப்பு மையும் அடைத்துக்கொள்ளும், ஆனால் அடிக்கடி கழுவினால் சமாளிக்கலாம்.

அப்புறம், ஏழெட்டிலும் ஒரே நேரத்தில் மை எதற்கு? இரண்டு மூன்று போதும். மற்றவற்றைத் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, நிப் கீழே இருக்கும்படி டிஷ்யூ பேப்பரில் நிறுத்துங்கள். பேப்பரில் நிறமும் ஈரமும் படியாதபோது பெட்டியில் வைக்கலாம்.