ஒரு தடவை உள்ள போயிட்டு வந்தா திருந்திடுவானா?

கடிதம்:

வணக்கம் அண்ணா,

போன மாசம் போர்ச்சுகல் பத்தி நீங்க எழுதுனதை படிச்சேன். போதைப்பொருள் யூஸ் பண்றவங்களை அங்க 2001லேருந்து ஜெயில்ல போடறதில்ல, அதுக்கப்புறம் எச்ஐவியும் சாவும் குறைஞ்சுதுன்னு எழுதியிருந்தீங்க. உண்மையை சொல்றேன், எனக்கு கோவம்தான் வந்துச்சு. எங்க அக்கா பையனுக்கு 22 வயசு. கஞ்சாவுல ஆரம்பிச்சான், இப்ப ஊசி வரைக்கும் வந்துட்டான்னு அவன் ஃப்ரெண்ட் ஒருத்தன் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். வீட்ல நகை காணாம போயிருக்கு. அக்கா ராத்திரி எல்லாம் முழிச்சுக்கிட்டு அவன் மூச்சு விடறானான்னு பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா. போலீஸ்ல சொல்லி ஒரு தடவை உள்ள வச்சா பயந்து திருந்திடுவான்னு நான் சொல்றேன், மாமா மட்டும்தான் வேண்டாங்கறார். உங்க கட்டுரையை வேற எடுத்து காட்டறார்.

அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துல இதையே செஞ்சு பார்த்துட்டு வாபஸ் வாங்கிட்டாங்களே, அதை ஏன் நீங்க எழுதல? பயம்னு ஒண்ணு இல்லாம போயிட்டா எல்லாரும் இறங்கிட மாட்டாங்களா? தூரத்துலேருந்து பார்த்து எழுதறது சுலபம் அண்ணா. தப்பா எடுத்துக்காதீங்க. என் பேரை போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

தப்பா எடுத்துக்க ஒண்ணுமே இல்ல. ஓரிகன் பத்தி எழுதாம விட்டது என் தப்பு, அதை கீழ எழுதறேன். ஆனா அதுக்கு முன்னாடி உங்க வீட்டு விஷயம், ஏன்னா அதுல நேரம் முக்கியம்.

ஒரு தடவை உள்ள போயிட்டு வந்தா திருந்திடுவான்னு நிறைய குடும்பங்கள் நம்புது, அதுல ஒரு நியாயமும் தெரியுது, கொஞ்ச நாள் சரக்கு கிடைக்காம இருந்தா உடம்பு பழக்கத்தை விட்டுடும்னு. உடம்பு விடறது உண்மைதான். ஆபத்தே அங்கதான். ஹெராயின் மாதிரி பொருளுக்கு உடம்புல ஒரு தாங்கற சக்தி வளர்ந்துக்கிட்டே போகும், அதனாலதான் அளவை கூட்டிக்கிட்டே போறாங்க. கொஞ்ச வாரம் நிறுத்துனாலே அந்த தாங்கற சக்தி இறங்கிடும், ஆனா ஆசை இறங்காது. வெளிய வந்தவன் பழைய அளவை எடுத்தான்னா மூச்சு நின்னுடும். அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல ஜெயில்லேருந்து விடுதலையான 30,000க்கும் மேற்பட்டவங்களை வச்சு பண்ண ஆய்வு 2007ல வந்துச்சு, வெளிய வந்த முதல் ரெண்டு வாரத்துல அவங்க ஓவர்டோஸ்ல சாகற வாய்ப்பு அந்த மாநிலத்து மத்த ஜனங்களை விட 129 மடங்கு. நூத்தி இருபத்தொம்பது. இதை முதல்ல படிச்சப்ப அச்சுப் பிழையோன்னு நினைச்சு திரும்ப போய் பார்த்தேன். உங்க மாமா எதுக்காக தடுக்கறாருன்னு எனக்கு தெரியாது, ஆனா அவர் தடுக்கறது சரி.

தூரத்துலேருந்து பார்த்து எழுதறேன்னு சொன்னீங்க. எனக்கு நெருக்கமான ஒருத்தன் இப்படி போயிருக்கான், பேர் சொல்ல மாட்டேன். அன்னிக்கு அவன் கூட ரூம்ல ரெண்டு பேர் இருந்தாங்க. அவன் உதடு நீலமாகறதை பார்த்துக்கிட்டே ஆம்புலன்ஸை கூப்பிடலாமா வேண்டாமான்னு அரை மணி நேரம் பேசியிருக்காங்க, ஆம்புலன்ஸ் வந்தா பின்னாடியே போலீஸ் வரும், நம்மளையும் சேர்த்து புடிப்பாங்கன்னு. முதல்ல ரூமை துடைச்சிருக்காங்க, அப்புறம்தான் போனை எடுத்திருக்காங்க. அந்த ரெண்டு பேர் மேல எனக்கு பல வருஷம் கோவம் இருந்துச்சு. இப்ப இல்ல, இருபது வயசுப் பசங்க, சட்டம் அவங்களுக்கு கத்துக் குடுத்தது பயத்தை மட்டும்தான், அதைத்தான் செஞ்சாங்க. நீங்க வேணும்னு கேக்கற பயம் அந்த ரூம்லயும் இருந்துச்சு தங்கச்சி. இதுக்காகவே அமெரிக்காவுல நியூ மெக்சிகோ மாநிலம் 2007ல ஒரு சட்டம் போட்டுச்சு, ஓவர்டோஸ் ஆனவனுக்கு உதவி கேட்டு கூப்பிடறவங்க மேல போதைப்பொருள் வச்சிருந்ததுக்கான கேஸ் போடக்கூடாதுன்னு. பின்னாடி நிறைய மாநிலங்கள் அதையே செஞ்சுது. நலாக்ஸோன்னு ஒரு மருந்து இருக்கு, மூக்குல அடிக்கலாம், ஊசியா போடலாம், ஹெராயின் வகைப் பொருளால நின்ன மூச்சை சில நிமிஷத்துல திருப்பிக் கொண்டுவரும். ஆனா யாராவது ஒருத்தர் பயப்படாம கூப்பிட்டாத்தானே அது வந்து சேரும்.

சரி, போர்ச்சுகல். அங்க போதைப்பொருளை யாரும் சட்டபூர்வமாக்கல. போன கட்டுரையில இதை இன்னும் அழுத்தி சொல்லியிருக்கணும். விக்கறவனுக்கு இன்னிக்கும் 4லேருந்து 12 வருஷம் ஜெயில் உண்டு. திருடுனா அது திருட்டு கேஸ்தான். மாத்துனது ஒரே ஒரு இடத்துல, தன் சொந்த உபயோகத்துக்கு பத்து நாளைக்கான அளவு வரைக்கும் வச்சிருந்தா அது கிரிமினல் குற்றம் இல்ல. ஹெராயின்னா 1 கிராம், கஞ்சா இலைன்னா 25 கிராம்னு கணக்கு போட்டு வச்சிருக்காங்க. 2023 வரைக்கும் அதுக்கு மேல போனா கோர்ட்தான்.

அவங்க இதுக்கு எப்படி வந்தாங்கங்கறது முக்கியம், ஏன்னா தாராள மனசால வந்த முடிவு இல்ல இது, வேற வழியில்லாம வந்தது. 1974 வரைக்கும் சர்வாதிகாரத்துல அடைஞ்சு கிடந்த நாடு. அது விழுந்ததும் கதவெல்லாம் திறந்துச்சு, ஆப்பிரிக்க காலனிகள்லேருந்து ராணுவமும் ஜனங்களும் திரும்பி வந்தாங்க, கூடவே கஞ்சாவும் பின்னாடி ஹெராயினும் வந்துச்சு, அதைப் பத்தி அந்த சமூகத்துக்கு ஒண்ணுமே தெரியாது. 90கள்ல ஒரு கோடி ஜனத்தொகையில ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் ஹெராயின்ல மாட்டியிருந்தாங்க. நூத்துல ஒருத்தர். லிஸ்பன்ல காசல் வென்டோசோன்னு ஒரு பகுதி, பகல்லயே தெருவுல உக்காந்து ஊசி போட்டுக்குவாங்க. பணக்கார வீடு ஏழை வீடுன்னு இல்ல, மந்திரி வீட்டுக்கும் தெரிஞ்ச ஒரு பையன் இதுல மாட்டியிருந்தான். என் கணிப்புல அதுதான் அந்த நாட்டோட பேச்சையே மாத்துச்சு, "அவங்க" பிரச்சனை "நம்ம" பிரச்சனை ஆன அன்னிக்கு.

1998ல அரசாங்கம் ஒரு நிபுணர் குழு போட்டுச்சு. அப்ப பிரதமர் அந்தோனியோ குட்டெரஸ், பின்னாடி ஐநா பொதுச்செயலாளர் ஆனாரே, அவரேதான். குழுவுல இருந்த டாக்டர் ஜுவாவ் கோலாவ், தெற்குப் பக்கம் அல்கார்வ்ல சாதாரண குடும்ப டாக்டரா இருந்தவர். காய்ச்சல் இருமலுக்கு வந்தவங்க குடும்பத்துலயே ஹெராயின் வந்து அவர்கிட்ட கேட்டு நின்னப்ப கத்துக்கிட்டு ட்ரீட்மென்ட் குடுக்க ஆரம்பிச்சவர். குழு குடுத்த யோசனை 2000ல சட்டமாச்சு, 2001 ஜூலை 1 அன்னிக்கு நடைமுறைக்கு வந்துச்சு.

இப்ப ஒருத்தனை போலீஸ் புடிக்குதுன்னு வைங்க. ஆமா, போலீஸ் புடிக்கும், பொருளையும் பறிமுதல் பண்ணும். ஆனா அவனை கோர்ட்டுக்கு அனுப்பாம 72 மணி நேரத்துக்குள்ள ஒரு கமிஷன் முன்னாடி போகச் சொல்லும். சட்டம் தெரிஞ்ச ஒருத்தர், கூட மனநல ஆலோசகர், சமூக சேவகர், டாக்டர் மாதிரி ஆட்கள், மொத்தம் மூணு பேர். அங்கியும் கிடையாது, கூண்டும் கிடையாது, ஒரு மேஜை, சுத்தி நாற்காலி. என்ன எடுக்கற, எத்தனை நாளா, வேலை இருக்கா, வீட்ல யார் இருக்காங்கன்னு கேப்பாங்க. எப்பவோ ஒரு தடவை எடுத்தவன்னு தெரிஞ்சா நடவடிக்கையை நிறுத்தி வச்சு அனுப்பிடுவாங்க. அடிமையாயிட்டான்னு தெரிஞ்சா ட்ரீட்மென்ட்டுக்கு கை காட்டுவாங்க, ஒத்துக்கிட்டா கேஸ் அப்படியே நிக்கும், கட்டாயப்படுத்த மாட்டாங்க. ஃபைன் போடலாம், லைசென்ஸை நிறுத்தி வைக்கலாம், அதிகாரம் இருக்கு, பெரும்பாலும் அந்த அளவுக்கு போறதில்ல.

இந்த கமிஷனை நீதித்துறைக்கு கீழ வைக்காம சுகாதாரத்துறைக்கு கீழ வச்சாங்க. அதுக்கு பின்னாடி காசும் ஆளும் வந்துச்சு. மெத்தடோன், அதாவது ஹெராயினுக்கு பதிலா ட்ரீட்மென்ட்டுல குடுக்கற மருந்து, வண்டியில ஏறி தெருவுக்கே வந்துச்சு, சுத்தமான ஊசியை 1993லேருந்தே ஃபார்மசியில மாத்திக் குடுத்துக்கிட்டிருந்தாங்க, அது தொடர்ந்துச்சு, ட்ரீட்மென்ட் இலவசம். ஊசி போடறவங்க மத்தியில 2001ல வருஷத்துக்கு ஆயிரத்துக்கும் மேல இருந்த புது எச்ஐவி, அந்த பத்தாண்டு கடைசிக்குள்ள பெருசா குறைஞ்சு, பின்னாடி அதுலயும் ரொம்ப கீழ இறங்குச்சு. ஓவர்டோஸ் சாவு ஐரோப்பிய சராசரியை விட பல மடங்கு கம்மி. நீங்க பயந்த மாதிரி எல்லாரும் இறங்கவும் இல்ல.

ஓரிகனுக்கு வர்றேன். 2020 நவம்பர்ல 58 சதவீத ஜனங்க ஓட்டு போட்டு கொண்டு வந்தாங்க, 2021 பிப்ரவரியில ஆரம்பிச்சுது. போலீஸ் கையில என்ன குடுத்தாங்கன்னா ஒரு சீட்டு, 100 டாலர் ஃபைன், இந்த போன் நம்பருக்கு கூப்பிட்டு பேசுனா ஃபைன் ரத்து. யாரும் கூப்பிடல, சொற்பம் பேர்தான். ஃபைனும் பெரும்பாலானவங்க கட்டல, கட்டாததுக்கு ஒண்ணும் ஆகவும் இல்ல. ட்ரீட்மென்ட்டுக்குன்னு ஒதுக்குன பணத்துல பெரும்பகுதி போய் சேர ஒண்ணரை வருஷத்துக்கும் மேல ஆச்சு. அதே நேரத்துல ஃபென்டனில் ஊருக்குள்ள வந்துச்சு, ஹெராயினை விட பல மடங்கு வீரியம். தெருவுல சாவு கண்ணுக்கு தெரிய ஆரம்பிச்சதும் ஜனங்க பொறுமை போச்சு, 2024ல சட்டத்தை திருப்பி செப்டம்பர் 1லேருந்து மறுபடியும் குற்றமாக்கிட்டாங்க. ஃபென்டனில் பரவலையும் கணக்குல சேர்த்து பார்த்த ஒரு ஆய்வு, சாவு கூடுனதுக்கும் அந்த சட்டத்துக்கும் தொடர்பு தெரியலன்னு சொல்லுது. ஆனா அதை சொல்லி ஓரிகனை நான் காப்பாத்த வரல. ஜெயில் கதவை மூடிட்டாங்க, ஆஸ்பத்திரி கதவை திறக்கல, நடுவுல நின்னவன் தெருவுலயே நின்னான். அங்க இருந்தது சீட்டும் போன் நம்பரும். போர்ச்சுகல்ல மூணு மனுஷங்க நேருக்கு நேர் உக்காந்திருந்தாங்க.

போர்ச்சுகலே இதை கஷ்டப்பட்டு கத்துக்கிச்சு, இதையும் போன தடவை எழுதியிருக்கணும். கடன் நெருக்கடி வந்தப்ப 2012ல சிக்கனம்னு சொல்லி போதைப்பொருள் வேலையை எல்லாம் ஒரே கையில வச்சிருந்த அமைப்பை உடைச்சு, ட்ரீட்மென்ட்டை வட்டார சுகாதார நிர்வாகங்களுக்கு பிரிச்சு விட்டாங்க. சட்டத்துல ஒரு எழுத்து மாறல. ஆனா ட்ரீட்மென்ட்டுக்கு காத்திருக்கற நாள் நீண்டுச்சு, சில வருஷம் கழிச்சு போர்ட்டோ மாதிரி நகரங்கள்ல மறுபடியும் தெருவுல ஊசி தெரிய ஆரம்பிச்சுது, சட்டமே தப்புன்னு சொல்ற குரலும் கிளம்புச்சு.

பயத்தைப் பத்தி கேட்டீங்க. பயத்தை முழு மூச்சா செஞ்சு பார்த்த அரசாங்கங்களும் உண்டு. அமெரிக்கா 1986ல போட்ட சட்டத்துல 5 கிராம் கிராக், அதாவது புகைக்கற வகை கொக்கைன், வச்சிருந்து விக்கறவன்னு கேஸ் போட்டா குறைஞ்சது 5 வருஷம் உள்ள. அதே தண்டனைக்கு பவுடர் கொக்கைன்னா 500 கிராம் வேணும். ரெண்டும் ஒரே பொருள்தான், கிராக் புடிபட்டவங்க பெரும்பாலும் கறுப்பின ஏழைங்க. 2010 வரைக்கும் இந்த நூறு மடங்கு கணக்கு ஓடுச்சு. ஒரு தலைமுறையே ஜெயில்ல கழிஞ்சும் அந்த நாட்டுல 2021லேருந்து மூணு வருஷம் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல ஓவர்டோஸ்ல செத்தாங்க. பிலிப்பைன்ஸ்ல 2016ல டுடேர்டே அதிபரா வந்து சுட ஆரம்பிச்சதுல அரசாங்கமே ஒத்துக்கிட்ட கணக்கு 6,000க்கு மேல, அதுல உங்க அக்கா பையன் வயசுல எத்தனை பேரோ. அந்தக் கொலைகளுக்காக 2025 மார்ச்ல அவரை புடிச்சு ஹேக்ல இருக்கற சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கு கொண்டு போனாங்க. இதையெல்லாம் பார்த்துட்டு பயம்தான் மருந்துன்னு என்னால சொல்ல முடியல.

இப்ப உங்க வீட்டுக்கு. அவன் ஊசி போடறது உங்களுக்கு தெரியும்னு அவன்கிட்ட பேசிடுங்க, தெரியாத மாதிரி நடிக்கறதுல அக்காவுக்கு உடம்புதான் போகுது. நகையை பூட்டி வைங்க, வீட்டை பூட்டாதீங்க. அவனை ரூம்ல அடைச்சு வச்சு நிறுத்தலாம்னு யாராவது யோசனை சொன்னா கேக்காதீங்க. போதை மீட்பு பாக்கற மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, மாமா கூட போகட்டும், அவன்கிட்ட கோவம் காட்டாத ஒரே ஆள் அவர்தான்னு உங்க கடிதத்துலேருந்து தெரியுது. டாக்டர்கிட்ட ஹெராயினுக்கு பதிலா குடுக்கற புப்ரெனார்ஃபின், மெத்தடோன் பத்தி நேரடியா கேளுங்க. "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா"ன்னு சொந்தக்காரங்க பேசுவாங்க, அது மருந்து, பல வருஷம் சாப்பிட வேண்டி வந்தாலும் சாப்பிடட்டும். அவன் கூட சுத்தற பசங்ககிட்ட நீங்களே பேசுங்க, ஏதாவது ஆச்சுன்னா முதல்ல ஆம்புலன்ஸ், அடுத்தது உங்களுக்கு போன், யார் மேலயும் நீங்க கேஸ் குடுக்க மாட்டீங்கன்னு உங்க வாயால சொல்லி வைங்க.

எங்கயாவது சேர்த்து கொஞ்ச நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தான்னா, முதல் ரெண்டு வாரம் ராத்திரி யார் முழிச்சிருக்கறதுன்னு முறை போட்டுக்குங்க. அக்காவை மட்டும் உக்கார வைக்காதீங்க.