பழனி பாதயாத்திரை: அறுபதைத் தாண்டியவர்கள் கேட்டவை

கே: வயது 67. சர்க்கரை உண்டு. தைப்பூசத்துக்குக் காரைக்குடியிலிருந்து வெறுங்காலுடன் நடப்பதாக வேண்டுதல். போகலாமா?

ப: சர்க்கரை எத்தனை வருடமாக என்று எழுதவில்லையே! நாள்பட்ட சர்க்கரையில் பாதம் மரத்துவிடும். எங்கள் குழுவில் ஒருவர் நத்தத்தில் கால் கழுவித் துடைத்தபோது வெள்ளைத் துண்டு சிவந்தது. அப்போதுதான் ஆணி ஏறியதே அவருக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, கால்விரல் நுனிகளை வீட்டில் யாரையாவது லேசாகத் தொடச் சொல்லுங்கள். தொட்டது தெரியவில்லையென்றால் வெறுங்கால் கூடாது. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் நாள் முழுக்க நடந்தால் சர்க்கரை மளமளவென இறங்கும். அளவைக் குறைப்பதா என்று மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். மடியில் குளுக்கோஸ் இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் உடனே உட்கார்ந்து வாயில் போடுங்கள். அடுத்த அன்னதானப் பந்தல் வரட்டும் என்று இழுக்காதீர்கள்.

கே: முழங்கால் வலி. மலை ஏற முடியுமா?

ப: படிகள் 693. யானைப்பாதை சாய்வானது, அதில் ஏறுங்கள். முழங்காலைப் படுத்துவது இறக்கம்தான், வின்ச் என்கிற இழுவை ரயிலில் இறங்கிவிடுங்கள்.

கே: செருப்பு அணியலாமா?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: மாலை போட்டுவிட்டுச் செருப்பா? அதற்குப் பஸ்ஸிலேயே போகலாமே!

ப: வாருங்கள், உங்களைத்தான் எதிர்பார்த்தேன். காவடிக்கு முன்னோடி இடும்பன். அவனுக்குச் சர்க்கரை வியாதி இல்லை. விரதம் உங்களுடையது, கால் அந்தச் சர்க்கரைக்காரருடையது. புண் புரையோடி விரலை எடுத்தால் ஆஸ்பத்திரியில் துணைக்கு நீங்களா இருப்பீர்கள்? தார்ச்சாலையில் அணிந்து நடக்கட்டும், அடிவாரத்தில் கழற்றிவிட்டு மலையேறட்டும்.

கே: நான் கேட்டது பக்தியைப் பற்றி.

ப: நான் சொன்னது பாதத்தைப் பற்றி.

கே: இரவில் நடப்பது நல்லதா?

ப: வெயிலுக்கு நல்லது, லாரிக்கு ஆகாது. வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் பிரிய வைப்பது) எடுப்பவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே கிளம்புங்கள். பகல் வெயிலில் தலைசுற்றி விழுபவர்களில் அவர்களும் உண்டு.

கே: செருப்பு புதிதா, பழையதா?

ப: பழையது. செருப்புக் கேள்வி இத்துடன் போதும்.